கல்லூரிக்கும் ஊர் வேண்டும்

திட்டக்குடி நகர்மன்ற உறுப்பினர்களுக்கும், கடைவீதி வணிகர்களுக்கும், நாலு பேர் கேட்கும்படி பேசக்கூடிய ஊர்ப் பெரியவர்களுக்கும்



நான் இந்த ஊரில் கணினி மையம் வைத்திருப்பவன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல், ரயில் டிக்கெட், லேமினேஷன் என்று ஓடுகிற கடை. உயர்கல்வியைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன வந்தது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் என் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மங்களூர், நல்லூர் ஒன்றியத்துக் கிராமங்களில் எந்தப் பிள்ளை எங்கே சேரப் போகிறது, எது படிப்பை நிறுத்தப் போகிறது, எந்த வீட்டில் காணி அடமானத்துக்குப் போகிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். ரேஷன் கடைக்குக்கூட அவ்வளவு தெரியாது.

அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க 50 ரூபாய். விண்ணப்பக் கட்டணம் 48, பதிவுக் கட்டணம் 2. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். விண்ணப்பத்தில் கல்லூரியையும் பாடத்தையும் கேட்கும் கட்டம் வந்ததும் நான் திரும்பிப் பார்ப்பேன். பிள்ளை அம்மாவைப் பார்க்கும், அம்மா என்னைப் பார்ப்பார். "நீங்களே நல்லதாப் பாத்துப் போடுங்க தம்பி." தமிழா, வணிகவியலா, கணிதமா என்ற முடிவு கீபோர்டில் கை வைத்திருப்பவனிடம் வந்து சேர்கிறது. அந்த அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைதான் வீட்டுக்கு முதல் பட்டதாரி. கேட்க வேறு ஆள் கிடையாது. ஊரில் ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும், இல்லை. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

நம் அரசு கலை அறிவியல் கல்லூரியின் கதையை எடுத்துக்கொள்வோம். முதலில் அது திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. பல்கலைக்கழகம் இருப்பதோ வேலூர் பக்கம் சேர்க்காட்டில். ஒரு சான்றிதழில் எழுத்துப் பிழை என்றால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு. பின்னாளில் உறுப்புக் கல்லூரி அரசுக் கல்லூரி ஆயிற்று. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்தது. ஆட்சி மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தச் சட்டத்தை நீக்கிக் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகளைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்க மசோதா நிறைவேறியது. சட்டமன்றத்தில் இரு தரப்பும் போட்ட சத்தம் தலைவர்களின் பெயரைப் பற்றியது. சிதம்பரம் பக்கம் என்பதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் இவ்வளவு மாற்றத்திலும் திட்டக்குடியில் யாரையும் உட்காரவைத்து, உங்களுக்கு எது வசதி என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டிருந்தாலும் யாரைக் கேட்பது? பள்ளிக்கூடத்துக்காவது மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் உள்ளாட்சி உறுப்பினருக்கு இடம் உண்டு. வார்டு கவுன்சிலர் தொடக்கப் பள்ளிக் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரலாம். அந்தப் பள்ளியில் படித்த பிள்ளை கல்லூரிக்குப் போனதும் ஊருக்கும் அதற்கும் இருந்த தொடர்பு சட்டப்படியே அறுந்துபோகிறது.

இப்போது நாம் சேர்ந்திருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதை நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். 1929இல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கியது. சிதம்பரத்தைச் சுற்றி எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அரிசி மண்டியிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டு வரை அதை நம்பி வளர்ந்தன. எண்பது ஆண்டு கழித்துச் சம்பளம் கொடுக்கவே திணறும் நிலை. 2013இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி சிவ்தாஸ் மீனாவை நிர்வாகியாக நியமித்த அரசு, அந்த ஆண்டே தனிச் சட்டம் போட்டுப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. தேவைக்கு மேல் இருந்த ஆசிரியர்களும் ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் மாநிலம் முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். மருத்துவக் கல்லூரி 2021இல் சுகாதாரத் துறைக்குப் போய், கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. போதாததற்கு, அனுமதி இல்லாமல் நடத்திய தொலைதூரப் படிப்புகள் செல்லாது என்று 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. அந்த வாரம் என் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கையில் பிளாஸ்டிக் கவரோடு வந்தார்கள். உள்ளே பட்டம். "இது செல்லுமா பாருங்க." கூகுளைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது? பல்கலைக்கழகம் நீதிமன்றம் போனது வேறு கதை. வேலைக்குப் போய்க்கொண்டே ராத்திரியில் படித்து வாங்கிய பட்டத்தை ஒருவர் கவரோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மறக்க முடியவில்லை.

இப்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமை. துணைவேந்தரின் பதவிக்காலம் 2024 நவம்பரில் முடிந்தது. அடுத்தவரை யார் நியமிப்பது என்பதில் சென்னையில் தகராறு. கோட்டைக்கும் ஆளுநர் மாளிகைக்கும் நடக்கும் வழக்கு இது. வேந்தர் என்ற முறையில் ஆளுநர் நியமிப்பதா, மாநில அரசா? அரசே நியமிக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2022 ஏப்ரலில் நிறைவேற்றியது. ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. 2023 நவம்பரில் அவர் திருப்பி அனுப்பிய பத்து மசோதாக்களும் மறுபடி நிறைவேறின. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று சொன்னது. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்குத் தடை போட்டது. நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது, கருதப்படும் ஒப்புதல் என்று ஒன்றும் கிடையாது என்று கருத்துச் சொன்னது. கோவை பாரதியார் 2022 அக்டோபரிலும், சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டிலும் துணைவேந்தரை இழந்தன. குழு போட்டுத்தான் நிர்வாகம் நடந்தது. யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு: தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்குத்தான் அந்த அதிகாரம் இருக்க வேண்டும். ஆனால் நியாயம் கிடைக்கிறவரை கோப்பு நகரவில்லை என்றால் அந்தக் கஷ்டம் கோட்டைக்கும் இல்லை, மாளிகைக்கும் இல்லை.

கீழே வகுப்பறைக்கு வந்தால் நிலைமை இன்னும் எளிதில் புரியும். மாநிலம் முழுக்க அரசுக் கலைக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் பாடம் நடத்துகிறார்கள். மாதம் 25,000 ரூபாய், ஆண்டில் 11 மாதம். மானியக் குழு 2019இலேயே 50,000 வரை கொடுக்கலாம் என்று சொல்லியாயிற்று. 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது, தேர்வு தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்குப் புது அறிவிப்பு. அந்த விண்ணப்பங்களும் எங்களைப் போன்ற கடைகளில்தான் போடப்பட்டன. முனைவர் பட்டம் வாங்கி, தலை நரைத்து, தன் மாணவனோடு ஒரே வரிசையில் நின்று விண்ணப்பம் போட்டவரை நான் பார்த்தேன். கௌரவம் என்ற சொல்லை அரசாணையில் எழுதியவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

அரசைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாட்டில் 28.4. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். மாதம் 1,000 ரூபாய் என்பது சென்னைக்காரர்களுக்கு ஓர் ஓட்டல் பில். ராமநத்தம் பக்கத்திலிருந்து வரும் பெண்ணுக்கு அது ஒரு மாதத்து மதியச் சோறும் நோட்டும் நாப்கினும். கட்டணமில்லாப் பேருந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினேழு வயதில் கல்யாணப் பேச்சு எடுத்த வீடுகளில் "படிச்சா காசு தர்றாங்களாம்" என்ற ஒரு வாக்கியம் என்னவெல்லாம் செய்தது என்று உங்களுக்கும் தெரியும். பிள்ளையைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவருவதில் அரசு செய்ய வேண்டியதில் பாதியைச் செய்துவிட்டது. வாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

இந்த இடத்தில் அமெரிக்காவைப் பற்றிக் கொஞ்சம். நம் பக்கம் துபாயும் சிங்கப்பூரும்தான் பழக்கம், ஆனால் சில ஆண்டுகளாக அமெரிக்க எம்.எஸ். என்ற பேச்சும் வருகிறது. 2024-25இல் அமெரிக்காவில் படித்த இந்தியர்கள் 3,63,019 பேர். அதில் விருத்தாசலம் தாலுகாவும் திட்டக்குடி தாலுகாவும் உண்டு. 2025 மே கடைசியில் அந்த நாடு மாணவர் விசாவுக்குப் புது நேர்காணல்களை நிறுத்திவைத்தது. ஜூனில் மறுபடி தொடங்கியபோது, சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவையுங்கள் என்றது. ஒரு பையன் என் கடையில் உட்கார்ந்து, தன் இன்ஸ்டாகிராமில் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான். ஏதோ அரசியல் இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். வீராணம் ஏரியில் குளித்த படம், ஒரு நடிகரின் பேனருக்கு முன்னால் பட்டாசு வெடிக்கும் படம். பக்கத்தில் அவன் அப்பா, கையில் நிலப் பத்திரத்தின் நகல். செப்டம்பரில் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான புதிய விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்ற அறிவிப்பு வந்தபோது அந்த அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அங்கே பெரிய இடங்களுக்கே அந்த ஆண்டு சோதனைதான். சொன்னபடி கேட்கவில்லை என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கான 220 கோடி டாலர் ஆராய்ச்சி நிதியை டிரம்ப் அரசு 2025 ஏப்ரலில் முடக்கியது. ஹார்வர்டு வழக்குப் போட்டது. முடக்கியது சட்டவிரோதம் என்று செப்டம்பரில் பாஸ்டன் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கொலம்பியா பல்கலைக்கழகம் ஜூலையிலேயே 20 கோடி டாலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்டு சமாதானமாகப் போயிற்று. அக்டோபரில் ஒன்பது பல்கலைக்கழகங்களிடம், எங்கள் நிபந்தனைகளில் கையெழுத்துப் போட்டால் நிதியில் முன்னுரிமை என்றார்கள். எம்.ஐ.டி. முதலில் மறுத்தது. ஹார்வர்டு எதிர்த்து நின்றதற்குக் கொள்கை ஒரு காரணம், 5,000 கோடி டாலருக்கு மேல் கையிருப்பு இன்னொரு காரணம். படியளக்கும் கை ஒன்றே ஒன்றாக இருந்தால், அந்தக் கை இறுக்கும்போது மூச்சு முட்டத்தான் செய்யும். பணக்காரனுக்கே அந்தக் கதி என்றால், எல்லாவற்றுக்கும் சென்னையைப் பார்த்து நிற்கும் நம் கல்லூரி எம்மாத்திரம்?

அமெரிக்காவைப் புகழ்வது என் வேலை இல்லை. படிப்புக் கடன் மட்டும் அங்கே 1.6 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 2008 நெருக்கடிக்குப் பிறகு மாநிலங்கள் தங்கள் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்ததைக் குறைத்தன, கல்விக் கட்டணம் ஏறியது, பிள்ளைகள் கடன் வாங்கினார்கள். கல்லூரிக்குக் கொடுக்கும் காசை அரசு குறைத்தால் அது மாணவன் தலையில்தான் விடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நாம் அந்தப் பாதையில் போகக் கூடாது. 2025 அக்டோபரில் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய தனியார் பல்கலைக்கழகத் திருத்த மசோதாவை, அரசு உதவி பெறும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகங்களாக மாறிவிடும் என்ற எதிர்ப்பு கிளம்பியதும் மறு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதை நான் வரவேற்கிறேன்.

ஆனால் அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது, அதுவும் நம் விருத்தாசலத்துக்குப் பொருந்துகிற மாதிரி. ஒஹையோ மாநிலம் களிமண்ணுக்கும் செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் பேர்போனது. சூளை வைத்திருந்தவர்கள் அனுபவத்தை வைத்து ஓட்டினார்கள். சூடு கொஞ்சம் தப்பினால் ஒரு சூளைச் சரக்கும் வீண். எட்வர்டு ஆர்ட்டன் என்ற இளைஞர், இதைப் படிப்பாகச் சொல்லித்தர வேண்டும் என்று கிளம்பினார். தொழில்காரர்களும் கூட நின்றார்கள். 1894இல் மாநிலச் சட்டமன்றம் ஒப்புக்கொண்டு, ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்காவின் முதல் செராமிக் துறை தொடங்கியது. அந்தப் பல்கலைக்கழகமே 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மாரில் சட்டத்தால் வந்தது. மத்திய அரசு நிலத்தைக் கொடுத்து, விற்ற காசில் விவசாயமும் தொழிலும் சொல்லித்தரும் கல்லூரி நடத்துங்கள் என்ற சட்டம். (அந்த நிலம் பழங்குடிகளிடமிருந்து பறித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) சூளைக்குள் வைத்துச் சூட்டை அளக்க ஆர்ட்டன் தயாரித்த கூம்புகளை இன்றும் உலகெங்கும் பீங்கான் சூளைகளில் வைக்கிறார்கள்.

விருத்தாசலத்திலும் பீங்கான் தொழிற்பேட்டை உண்டு, செராமிக் பட்டயப் படிப்பு சொல்லித்தரும் அரசு நிறுவனம் உண்டு. தொழில் இருக்கும் ஊரில் அந்தத் தொழிலுக்கான படிப்பு. யோசித்தவர் யாரோ, புண்ணியவான். அகல் விளக்கும் கொலு பொம்மையும் மின்சார இன்சுலேட்டரும் செய்கிற ஊரிலிருந்து இருபத்தைந்து மைல்கூட இல்லாத இடத்தில் நாம் இருக்கிறோம். என் கடையில் அந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போட வருபவர்கள் அபூர்வம். காரணம் எளிது. அப்படி ஒன்று இருப்பதே இங்கே பல வீடுகளுக்குத் தெரியாது. அதைச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவைப் பொதுமக்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் சமுதாயக் கல்லூரிகளுக்கு அந்தந்த வட்டாரத்து மக்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கல்லூரியில் குறை இருந்தால் அந்த உறுப்பினரைக் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்கலாம். நமக்கும் இதன் வாசனை இருந்தது. 1986இல் தமிழ்நாட்டுச் சட்ட மேலவையைக் கலைக்கும்வரை பட்டதாரிகளுக்கென்று தொகுதி இருந்தது. அது திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை; பட்டதாரிக்குத் தனி ஓட்டு என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கல்லூரிக்கு ஊரில் பதில் சொல்லும் ஆள் வேண்டும் என்பதோடு நிற்கிறேன்.

கல்லூரியில் நகராட்சிக்கு அதிகாரம் எதுவும் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். 2021இல் பேரூராட்சி நகராட்சியாக உயர்ந்தபோது வரியும் குடிநீரும் குப்பையும்தான் கூடுதலாக வந்தன, கல்லூரி வரவில்லை. ஆனால் உங்களுக்கு வாய் இருக்கிறது, தீர்மானம் போடும் உரிமை இருக்கிறது. நகர்மன்றத் தீர்மானம் உயர்கல்வித் துறைக்குப் போனால் அதற்குக் கோப்பு எண் விழும். எத்தனை நிரந்தர ஆசிரியர் பணியிடம் ஒப்பளிக்கப்பட்டது, எத்தனை காலி என்று கல்லூரி முதல்வரிடம் கேட்டு வாங்கி, அதைத் தீர்மானத்தில் எழுதி அனுப்புங்கள். பகுதி சபைக் கூட்டங்களில் தெருவிளக்கோடு இதையும் ஒரு விஷயமாக எடுங்கள். கல்லூரி விடும் நேரத்துக்குப் பெண்ணாடம் பக்கமும் ராமநத்தம் பக்கமும் பஸ் இருக்கிறதா என்று ஒரு வாரம் நின்று பார்த்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதுங்கள். ஐந்தரைக்கு மேல் பஸ் நிலையத்தில் நிற்கும் பெண் பிள்ளைகளைப் பற்றி வீட்டில் என்ன பேச்சு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு பஸ் நேரத்துக்காகவே படிப்பை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

வணிகர் ஐயாக்களுக்கு ஒன்று. மாணவர்களுக்கு நன்கொடை வேண்டாம், வேலை பழகக் கொடுங்கள். கணக்குப் பதிவியல் படிக்கும் பிள்ளை உங்கள் கடையில் இரண்டு மாதம் ஜிஎஸ்டி கணக்கு எழுதிப் பார்க்கட்டும். தாவரவியல் படிக்கும் பிள்ளை உரக்கடையில், விதைக்கடையில் நின்று, மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவுக்கு விவசாயி என்ன மருந்து கேட்கிறார், கடைக்காரர் என்ன கொடுக்கிறார் என்று குறித்துவரட்டும். வெலிங்டன் ஏரி எவ்வளவு தூர்ந்திருக்கிறது, எந்த வாய்க்காலில் தண்ணீர் கடைமடை போகிறது என்பதைப் படிப்பாக எடுத்துச் செய்ய நமக்கு ஐஐடி வேண்டாம். வெள்ளாற்றங்கரையில் ஒரு கல்லூரி இருக்கிறது, மணல் போன ஆற்றைப் பற்றி அங்கே ஓர் ஆய்வேடு இருந்தால் நாளை கலெக்டர் அலுவலகத்தில் நீங்கள் மனுக் கொடுக்கும்போது கையில் காகிதம் இருக்கும்.

உடனடியாக ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த மே மாதம் நகராட்சி இடத்தில் பத்து நாள் ஒரு மேசை போடுங்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், சும்மாவும் இருக்கிறார்கள். கல்லூரியிலிருந்து ஓர் ஆசிரியர், செராமிக் நிறுவனத்திலிருந்து ஒருவர், வங்கியிலிருந்து ஒருவர் வரட்டும். எந்தப் பாடம் எதற்கு உதவும், எந்த உதவித்தொகைக்கு எந்தச் சான்று, ஆதாரை எந்த வங்கிக் கணக்கோடு இணைத்தால் ஆயிரம் ரூபாய் வந்து விழும், அமெரிக்கா போகிறேன் என்று நிலத்தை அடமானம் வைக்கும் முன் என்னென்ன கேட்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லட்டும். அந்தப் பத்து நாளும் கடையை மத்தியானம் பூட்டிவிட்டு ஒரு கணினியோடு வந்து உட்கார நான் தயார்.

முதலில் கல்லூரி முதல்வரைப் பார்க்க வேண்டும். போகும்போது ஆளுங்கட்சி உறுப்பினரும் எதிர்க்கட்சி உறுப்பினரும் ஒரே வண்டியில் போய்ச் சேருங்கள். வண்டியில் கொடி வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். காலிப் பணியிடப் பட்டியலைக் கேட்டு வாங்கி வாருங்கள், தட்டச்சு செய்து தீர்மானமாக நான் தருகிறேன்.

இப்படிக்கு,
திட்டக்குடி கணினி மையக்காரன்